புழுதிப் பாதையில் நோரீன்

மரீ, தென் ஆஸ்திரேலியா
14 மே 1985

அன்புள்ள டல்சி,

நாங்கள் இருவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? கடைனாவில் கடற்காற்று ஆரம்பித்திருக்குமே, கம்பளிக் காலுறையை இப்போதே எடுத்துப் போட்டுக்கொள்.

போர்ட் பிரி வீட்டிலிருந்து மெதுவாகத்தான் வந்தோம். ஒரே நாளில் வந்துவிடக்கூடிய தூரம் என்று உன் தம்பி கிளாரி ஆயிரம் முறை சொல்லிவிட்டான். எனக்கு என்ன அவசரம்? முப்பது வருடம் அவன் மாட்டு லாரியில் இந்தப் பக்கம் போய்வந்தான். நான் வீட்டில் இருந்து அவன் சட்டையிலிருந்த சிவப்புப் புழுதியைத் துவைத்தேன். அந்தப் புழுதி எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் பார்க்கிறேன். அதை அவசரமாகப் பார்க்க விருப்பமில்லை.

நேற்று வறண்ட ஓடை ஒன்றின் கரையில் கூடாரம் அடித்தோம். கிளாரி கூடாரத்து முளைகளைத் தொட்டுப் பார்த்தே அடித்துவிட்டான். நான் இரும்புச் சட்டியில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு, மூடியின் மேலும் தணலை அள்ளி வைத்தேன். கறி ஒரு பக்கம் தீய்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

இங்கே மதுக்கடைக்காரர் கிளாரியைக் கண்டதும் வாசலுக்கே வந்துவிட்டார். "யாருய்யா அது, கிளாரி ஹார்க்னஸா? செத்துப் போயிட்டேன்னுல்ல சொன்னாங்க!"

"சொன்னவன் எவன்? அவனை முதல்ல புதைக்கணும்" என்றான் கிளாரி.

"வேலையை விட்டப்புறமும் வண்டி ஓட்டிக்கிட்டு வர்றியே, உனக்குச் சலிக்கவே சலிக்காதா?"

கிளாரி பியர் கேட்டான். நான் வெளியே போய் டயர்களைப் பார்த்தேன்.

என் உள்ளங்கையில் கொப்புளங்கள். கூடாரக் கயிறு இழுத்துப் பழக்கமில்லை அல்லவா, அதனால்தான். நாளை மறுநாள் பேர்ட்ஸ்வில் பாதையில் இறங்குகிறோம். பேர்ட்ஸ்வில் தபால் நிலையத்துக்கு எழுது. போனதும் வாங்கிக்கொள்கிறோம்.

கிளாரி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான்.

அன்புடன்,
நோரீன்

*

கடைனா
22 மே 1985

அன்புள்ள நோரீன்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாதா கோயில் விற்பனைக்கு ஆறு தட்டு ஸ்கோன் ரொட்டி சுட்டு நின்றபடியே விற்றேன். மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்லிவிட்டேன்.

கிளாரிக்குக் கை முறிந்துவிட்டதா? ஒரு வரி எழுத மாட்டானா? முப்பது வருடம் லாரி ஓட்டிய காலத்திலும் எங்கெங்கோ கிடந்த பெட்ரோல் கடைகளிலிருந்து எனக்குத் தபால் அட்டை போடுவான். நாலே வரி இருக்கும், அதில் மூன்று பொய். ஆனால் அவன் கையெழுத்து இருக்கும். இப்போது ஓய்வாக இருக்கிறான், பக்கத்தில் மனைவி, சட்டி நிறையக் கறி. பேனா மட்டும் கனக்கிறதாக்கும்.

வெயிலில் தொப்பி இல்லாமல் சுற்றவிடாதே. எங்கள் அப்பாவின் கண்ணைக் கெடுத்தது அந்த வடக்கு வெயில்தான் என்று நான் இன்றும் சொல்வேன். மருத்துவர்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

உன்னைப் பார்த்தால் பொறாமையாகக்கூட இருக்கிறது. அவன் ஓட்டுவான், நீ சன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு நாட்டைப் பார்ப்பாய். சக்கரம் வைத்த தள்ளுவண்டியைக்கூட நேராகத் தள்ளத் தெரியாத உனக்குக் கிடைத்த ஓட்டுநரைப் பார்! நீ பாதி வழியில் திரும்பிவிடுவாய் என்று கறிக்கடை மேவிஸிடம் சொல்லியிருக்கிறேன். என் வார்த்தையைப் பொய்யாக்கினால் சந்தோஷப்படுவேன். ஆனாலும் பொய்யாகாது.

பிஸ்கட் ஒரு டப்பா தனியாக அனுப்பியிருக்கிறேன். அது கிளாரிக்கு. நீயும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
டல்சி

*

பேர்ட்ஸ்வில், குயின்ஸ்லாந்து
4 ஜூன் 1985

அன்புள்ள டல்சி,

பிஸ்கட் முழுசாக வந்து சேர்ந்தது. பாதையில் வந்த நாங்கள்தான் கொஞ்சம் உடைந்துபோய் வந்தோம். மற்றபடி உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு இந்தக் குளிரில் எப்படி இருக்கிறது?

நான் திரும்பவில்லை என்பதை மேவிஸிடம் சொல்லிவிடு.

பாதை முழுக்கத் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக இருக்கிறது. மெதுவாகப் போனால் பல் ஆடுகிறது. வேகமாகப் போனால் வண்டி மிதக்கிறது. எந்த வேகத்தில் மிதக்கும் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு இரண்டு நாள் ஆனது, அதாவது எங்களுக்கு. நடுவில் மாவு மாதிரி புழுதி நிறைந்த பள்ளங்கள் வரும். மேலே சமதளமாகத் தெரியும். கிளாரி சத்தத்திலேயே சொல்லிவிடுவான்: "டயர் பேச்சை நிறுத்திட்டுது பாரு, மாவு வருது, காலை எடு." டயர் பேசும் என்று எனக்கு ஐம்பத்தேழு வயதில்தான் தெரியும்.

கற்கள் மட்டுமே பரந்து கிடக்கும் ஒரு வெளியில் ஒரு பகல் முழுக்கப் போனோம். ஒரு மரம் இல்லை. எல்லாக் கற்களும் யாரோ எண்ணெய் தடவித் துடைத்து வைத்ததுபோல் மின்னின. அங்கேயே வண்டியை நிறுத்திக் கெட்டிலில் தேநீர் போட்டோம். அடுப்பு மூட்ட விறகு இல்லையென்று முந்தின முகாமிலிருந்தே கட்டி எடுத்து வந்திருந்தோம். அவ்வளவு பெரிய ஆகாயத்துக்கு நடுவில் நான் ஒரு கோப்பைத் தேநீர் குடித்தேன் டல்சி. நம் வீட்டுச் சமையலறையில் குடித்ததெல்லாம் தேநீரே இல்லை.

நேற்று ஊருக்கு மேற்கே இருக்கும் பெரிய சிவப்பு மணல்மேட்டுக்குப் போனோம். டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு ஏறினோம். முதல் முறை பாதியில் புதைந்தது. இரண்டாம் முறை உச்சிக்கு ஒரு முழம் கீழே மூச்சு விட்டுவிட்டது. பின்னாலேயே இறங்கி வரவேண்டியிருந்தது. பிரிஸ்பேனிலிருந்து புதுப்புது வண்டிகளில் வந்திருந்த வாலிபர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களையே வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் முறை ஏறிவிட்டோம். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உச்சியில் நின்று, "என்னல்லாம் தெரியுது, சொல்லு" என்றான் கிளாரி. மேற்கே அலையலையாக மணல்மேடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சிவப்பு. சொன்னேன். பொழுது இறங்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உன் பிறந்தநாள் வாழ்த்து அட்டை இத்துடன் இருக்கிறது. அடுத்து பூலியாவுக்கு எழுது.

அன்புடன்,
நோரீன்

*

கடைனா
16 ஜூன் 1985

அன்புள்ள கிளாரி,

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். நலமா என்று கேட்கிறேன், பதிலை நீதான் சொல்லவேண்டும்.

என் பிறந்தநாளுக்கு அட்டை வந்தது. உள்ளே 'உன் தம்பி கிளாரி' என்று நோரீன் எழுதியிருந்தாள். நோரீனின் 'த' எனக்குத் தெரியும், சுருட்டி விடுவாள். அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது. உன் விரலைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தது நான். உன் கையெழுத்துக் கோணல் எனக்குத் தெரியாதா?

நான் ஏதாவது சொல்லிவிட்டேனா? கோபம் என்றால் கோபம் என்று எழுது. அதையும் உன் கையால் எழுது.

உன் அக்கா,
டல்சி

*

பூலியா
28 ஜூன் 1985

அன்புள்ள டல்சி,

நீ நலமாக இருக்கவேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் இருவருக்கும் நினைப்பு.

உன் கடிதத்தைக் கிளாரியிடம் வாசித்துக் காட்டினேன். அவன் எழுந்து ஓடைக்கரை வரை நடந்து போனான். திரும்பி வந்து, "கோபமெல்லாம் இல்லைன்னு எழுது" என்றான். "நீயே எழுதேன்" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு விறகை ஒடிக்க உட்கார்ந்தான்.

அவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், மோசமான நகைச்சுவை சொல்லித் தானே சிரிக்கிறான். நீ சொன்னது எதுவும் காரணம் இல்லை. இதற்கு மேல் என்னைக் கேட்காதே, டல்சி. நான் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நீ என்னைப் பல மாதிரி சொல்லியிருக்கிறாய். ஆனால் கொடுத்த வார்த்தையை விட்டவள் என்று சொன்னதில்லை. அதை மட்டும் உன்னிடம் காப்பாற்றி வைத்துக்கொள்கிறேன்.

இங்கே வெள்ளைக் கிளிகள் ஆயிரக்கணக்கில் மரத்தில் இறங்குகின்றன, வெள்ளைத் துணி உலர்த்தினதுபோல. தெற்கே மேகம் கட்டியிருக்கிறது. குளிர்காலத்தில் இப்படி மழை வருவது அபூர்வமாம். மவுண்ட் ஐசாவுக்கு எழுது.

அன்புடன்,
நோரீன்

*

கடைனா
6 ஜூலை 1985

நோரீன்,

நான் நலம்.

அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் நிற்கும் வார்த்தை எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று எனக்குப் புரியவில்லை. நீ விலகி நின்றால் அவனே என்னிடம் பேசிவிடுவான். இனி உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதினால் அது மரியாதைக்காக மட்டுமே.

டல்சி

*

மவுண்ட் ஐசா
19 ஜூலை 1985

அன்புள்ள டல்சி,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலம் என்று அதில் இருந்த முதல் வரியை எடுத்துக்கொண்டேன். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நாங்களும் நலம்தான். நனைந்துவிட்டோம், அவ்வளவுதான். பூலியாவை விட்டுக் கிளம்பிய பிறகு மழை பிடித்துக்கொண்டது. பாதை சோப்பு மாதிரி ஆனது. ஒரு வளைவில் மாட்டு லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நல்லவேளை, காலி லாரி. பக்கத்தில் போனால், ஓட்டி வந்தவன் ஸ்நோ பில்கிங்டன்! கிளாரியோடு பத்துப் பன்னிரண்டு வருடம் ஒன்றாக லாரி ஓட்டியவன், வெள்ளை முடிக்காரன், கடைனாவுக்குக்கூட ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கிறான். தொடை எலும்பு முறிந்திருந்தது. ஸ்நோவை இழுத்து வெளியே எடுத்து, கட்டை வைத்துக் கட்டி, ஜீப்பின் பின்னால் படுக்க வைத்து, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பண்ணைக்குக் கொண்டுபோனோம். அங்கே விமானம் இறங்க மேட்டு நிலம் உண்டு. விமானத்தில் வரும் 'பறக்கும் மருத்துவர்' வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

ஓடையில் தண்ணீர் இருந்தது. கடந்துவிட்டோம்.

ஸ்நோ இங்கே மருத்துவமனையில் இருக்கிறான். நேற்றுப் பார்த்தோம். செவிலிகளைத் திட்டும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. கிளாரியும் அவனும் ரொம்ப நேரம் பேசினார்கள். நான் துணி துவைக்கப் போய்விட்டேன். கூடாரத்தில் இருந்த சேற்றை நீ பார்த்திருக்கவேண்டும். பார்க்காததே நல்லது.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போகிறோம்.

அன்புடன்,
நோரீன்

*

கடைனா
29 ஜூலை 1985

நோரீன்,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்.

ஸ்நோவின் மனைவி ஐவி நேற்று தொலைபேசியில் கூப்பிட்டாள். அழுகிறாள், சிரிக்கிறாள், ஒன்றும் விளங்கவில்லை. "உன் தம்பி பொண்டாட்டி இல்லைன்னா என் புருஷன் இல்லை டல்சி, அந்தத் தண்ணியில அவதானே ஓட்டினா!" என்கிறாள். "யாரு, நோரீனா? அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதே" என்றேன். "அப்ப ஓட்டினது யாரு, பேயா?" என்கிறாள்.

அதன்பிறகு உன் கடிதங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி மறுபடி படித்தேன். உள்ளங்கையில் கொப்புளம். முளைகளைத் தொட்டுப் பார்த்து அடித்தான். என்னல்லாம் தெரியுது சொல் என்றான். கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

வாசித்துக் காட்டினாய். அவனுக்குத் தானே வாசிக்க முடியாதா?

அப்பாவுக்கு வந்ததுதானா அவனுக்கும்? ஒரே வார்த்தை போதும். யார் எழுதினாலும் சரி.

டல்சி

*

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
11 ஆகஸ்ட் 1985

அன்புள்ள டல்சி,

நான்தான், கிளாரி. எழுத்து ஆட்டுக்குட்டி அளவுக்கு இருப்பதற்கு மன்னித்துக்கொள். பெட்டிகளில் முகவரி எழுதும் தடித்த கறுப்பு மைக்கோல், கறிக்கடைக் காகிதம். இப்படியென்றால்தான் எனக்குத் தெரிகிறது. இதை எழுத மூன்று காலைப்பொழுது ஆகியிருக்கிறது. நோரீனை ஊர் சுற்ற அனுப்பிவிட்டேன்.

ஆமாம். அப்பாவுக்கு வந்ததுதான். ஓரமெல்லாம் இருண்டுவிட்டது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் கொஞ்சம் மிச்சம். அந்தக் குழாயும் வருகிற வருடத்துக்குள் அடைபடும் என்கிறார்கள். உடம்பு மற்றபடி குதிரைதான், கவலைப்படாதே.

பிப்ரவரியில் என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தேன். முப்பது வருடமாக நோரீனை இந்தப் பக்கம் ஒருமுறையாவது கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன் இல்லையா, அது இனி இல்லை என்றேன். நோரீன் பாத்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டு, "அப்ப எனக்குக் கத்துக்குடு" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முதல் வாரம் எங்கள் தபால் பெட்டியை இடித்தாள், இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியை. ஏப்ரல் கடைசியில் தேர்வு அதிகாரி அவளிடம் இதற்கு முன்னால் எங்கே ஓட்டினீர்கள் என்று கேட்டார்.

உன்னிடம் சொல்லவேண்டாம் என்று வார்த்தை வாங்கியது நான். அவள் மேல் தப்பில்லை. அப்பாவை நீ எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும் டல்சி. போர்வை, சூப்பு, சன்னலோர நாற்காலி. பதினோரு வருடம் அவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. உனக்குத் தெரிந்தால் அன்றே ரயிலேறி வந்து எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பாய். நான் முதலில் ஒரு சுற்றுப் போய்வர ஆசைப்பட்டேன். அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. மாட்டு லாரி ஓட்டினவன்தான், அக்காவிடம் பயம்.

ஓடையைப் பற்றி நோரீன் 'கடந்துவிட்டோம்' என்று எழுதியிருப்பாள். நான் சொல்கிறேன், கேள்.

ஸ்நோவைப் பின்னால் படுக்க வைத்துவிட்டோம். வலியில் கத்துகிறான். ஓடையில் தண்ணீர் செக்கச்செவேலென்று போகிறது, தடம் காட்டும் குறிக்கம்பங்கள் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டன. நோரீன் ஓட்டுநர் இருக்கையில் ஏறுவதை ஸ்நோ பார்த்தான். "டேய் கிளாரி! என்னைக் கொல்லப் பாக்கிறியா? பொம்பளைகிட்ட வண்டியக் குடுத்துட்டு வேடிக்கை பாக்கிற! நீ ஏறுடா!" என்றான்.

நோரீன் என்னைப் பார்த்திருப்பாள். என்ன சொல்லப்போகிறேனோ என்று காத்திருந்தாள்.

நான் சொன்னேன்: "எனக்குக் கண்ணு போயிடுச்சு, ஸ்நோ. மரீயில இருந்து இதுவரைக்கும் ஓட்டினது இவதான். பெரிய சிவப்பு மேட்டுல ஏத்தினதும் இவதான். உனக்கு இந்த நாட்டுலயே இவளைவிட நல்ல ஓட்டுநர் கிடைச்சா கூப்பிட்டுக்க. இல்லைன்னா வாயை மூடிட்டுப் படு."

ஸ்நோ வாயை மூடியதை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

அந்த ஓடையின் அடியில் கல் பாவிய தடம் உண்டு. தண்ணீரின் பளபளப்பில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் காலுக்குக் கண் வேண்டாம். நான் இறங்கி முன்னால் நடந்தேன். கல் தட்டினால் தடம், சேறு தட்டினால் ஓரம். இடது கையைத் தூக்கினால் இடது பக்கம் வரவேண்டும், வலது கையென்றால் வலது. என் முதுகைப் பார்த்து அவள் ஓட்டினாள், முதல் கியரில், இஞ்சின் சத்தம் ஏறாமல் இறங்காமல். முழங்காலுக்கு மேல் தண்ணீர். நடுவில் வந்தபோது நோரீன் கத்தினாள்: "கிளாரி, நில்லு! அசையாதே!" நின்றேன். ஏதோ ஒன்று என் சட்டையை உரசிக்கொண்டு போனது. ஒரு முழு மரம், டல்சி. இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் என்னையும் கொண்டுபோயிருக்கும். அவள் இஞ்சினை அணைக்கவும் இல்லை, வண்டியை முன்னால் விடவும் இல்லை, அந்த இடத்திலேயே பிடித்து வைத்திருந்தாள். "இப்ப நட" என்றாள். நடந்தேன்.

அக்கரை செங்குத்தான சேறு. என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு ஒரே மூச்சில் ஏற்றினாள். ஏறும் சத்தத்தைக் கேட்டே, சக்கரம் எங்கே வழுக்கியது, எங்கே காலை எடுத்தாள், எங்கே மறுபடி கொடுத்தாள் எல்லாம் எனக்குத் தெரிந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். இல்லை, பொய். நான் ஒருமுறையாவது புதைத்திருப்பேன்.

பண்ணையில் விமானி வந்து, "இந்தத் தண்ணியில வண்டி கொண்டாந்தது யாருங்க?" என்று கேட்டார். பண்ணை ஆட்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்களாம். "என் பொண்டாட்டி" என்றேன். அவள் எங்கே இருந்தாள் தெரியுமா? பின்னால் ஸ்நோவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நனைந்துபோன உன் பிஸ்கட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கை வலிக்கிறது, காகிதமும் முடிந்தது. கோபப்படுவதென்றால் என்மேல் படு. நான் பார்க்கவேண்டியது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் தம்பி,
கிளாரி

*

ஊட்னடட்டா
2 செப்டம்பர் 1985

அன்புள்ள டல்சி,

உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஆலிஸில் ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருந்தோம். இங்கேயும் உன் கடிதம் எதுவும் இல்லை. நான் தபால் நிலையத்துக்குப் போய்வரும்போதெல்லாம் கிளாரி எழுந்து நிற்கிறான். "ஒண்ணுமில்லையா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறான்.

நீ எழுதவேண்டும் என்று கட்டாயமில்லை. அவன் மூன்று காலைப்பொழுது உட்கார்ந்து எழுதினான் என்பதை மட்டும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். அதை நான் படிக்கவில்லை, அவன் உறையை ஒட்டித்தான் கொடுத்தான்.

இப்போதெல்லாம் இரவில் நெருப்பின் வெளிச்சம் மட்டும்தான் அவனுக்குத் தெரிகிறது, நெருப்பு தெரியவில்லை. பாலை மழைக்குப் பிறகு மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கிறது. சொல்லிக்கொண்டே ஓட்டுகிறேன். இந்த மாத நடுவில் மரீ வந்துவிடுவோம்.

அன்புடன்,
நோரீன்

*

கடைனா
9 செப்டம்பர் 1985

அன்புள்ள கிளாரி,

இதை உனக்கு வாசிக்கப்போவது நோரீன்தான் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நோரீன், ஒரு வரிகூட விடாமல் வாசிக்கவேண்டும். கிளாரி, அவள் குரல் எங்காவது தாண்டிப் போனால் பிடித்துக்கொள்.

நான் நலம், முழங்காலும் நலம். பதில் எழுத இவ்வளவு நாள் ஏன் என்றால், முதல் வாரம் முழுக்க உன் கண்ணை நினைத்து அழுதேன். அழுதுகொண்டே எழுதினால் உன்னை வீட்டுக்கு வா என்றுதான் எழுதுவேன், அதனால் எழுதவில்லை. நாற்காலி எதுவும் போடமாட்டேன். போட்டாலும் நீ உட்காரமாட்டாய், இப்போது உனக்கு ஓட்டுநர் இருக்கிறாள்.

அடுத்த வாரம் வெளியே போய்ச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்கப்புறம் நேரமே கிடைக்கவில்லை. முதலில் கறிக்கடையில் சொன்னேன். "உன் நோரீனா? எப்பவோ திரும்பியிருப்பாளே" என்றாள் மேவிஸ். கத்தியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு அவளுக்குச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் யாரும் கறி வாங்கவில்லை, கேட்டுக்கொண்டே நின்றார்கள். கறிக்கடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல்தான் இருந்தது. தபால் நிலையத்துக்குப் போவதற்குள் இடுப்பளவு ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நான் சொல்லும்போது வண்டியின் விளக்குகள் மூழ்கிவிட்டன. பாதிரியார், "போன தடவை மரம் ஒண்ணுதானே வந்தது, டல்சி?" என்று கேட்டார். "ரெண்டுன்னு வெச்சுக்குங்க" என்றேன். இதில் பாவம் ஏதாவது இருந்தால் நானே பார்த்துக்கொள்கிறேன்.

நோரீன், இப்போது உன் பங்கு. இதையும் சத்தமாக வாசி.

முப்பத்திரண்டு வருடமாக ஊரில் யாராவது கேட்டால், 'கிளாரியின் மனைவி' என்று உன்னைச் சொல்வேன். இந்த வாரம் ரயில் நிலையத்தில் ஒரு பெண், "ஆத்துல வண்டி ஓட்டினாங்களே, அவங்களுக்கு நீங்க சொந்தமா?" என்று என்னைக் கேட்டாள். என் பெயரைக்கூட அவள் கேட்கவில்லை. "ஆமா, நான் அவளோட நாத்தனார்" என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றேன் பார், முழங்கால் வலியே தெரியவில்லை.

என் தம்பிக்குக் கொடுத்த வார்த்தையை என்னிடமிருந்தே காப்பாற்றினாய். நான் எழுதியதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, மறுகடிதத்திலும் என் உடம்பை விசாரித்தாய். அந்த ஓடையைக் கடப்பது பெரிது. நீ இப்படிப் பொறுத்துக்கொண்டது அதைவிடப் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் மரீ தபால் நிலையத்துக்குத்தான் இதை அனுப்புகிறேன். நான் போர்ட் அகஸ்டாவுக்குப் பேருந்தில் வந்து காத்திருப்பேன். அங்கிருந்து என்னை வீடு வரை கொண்டுவந்து விடவேண்டும். பின் இருக்கையில் சாமான்களோடு உட்கார்ந்துகொள்கிறேன். வழியில் நான் 'மெதுவா, மெதுவா' என்று கத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதே, ஓட்டு.

கிளாரி, இப்போது அவள் நிறுத்தியிருப்பாள். தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று எழுந்திருப்பாள். விடாதே. கையைப் பிடித்து உட்கார வை. முதலிலிருந்து மறுபடி வாசிக்கச் சொல்.

உன் அக்கா,
நோரீனின் நாத்தனார்,
டல்சி